ஸ்னூக்கரில் யார் பெரியவர்? பழைய தலைமுறைகளை ஒப்பிட, புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்னூக்கர் பார்க்க ஆரம்பித்த ஒரு மாதத்துக்குள் இந்த வாக்குவாதம் உங்கள் காதில் விழுந்துவிடும். ஒருவர் ரானி ஓ'சல்லிவன் என்பார். ஸ்டீஃபன் ஹெண்ட்ரியின் தொண்ணூறுகளைப் பார்த்து வளர்ந்தவர் அதை ஒத்துக்கொள்ளமாட்டார். இன்னும் கொஞ்சம் வயதானவர் ஸ்டீவ் டேவிஸின் பெயரைச் சொல்வார். கடைசியில் யாராவது, "ஜோ டேவிஸ் 15 முறை உலக சாம்பியன், அந்தப் போட்டியில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை" என்று சொல்வார்கள். ஒரு நொடி எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள்.

நானும் தொடக்கத்தில் அந்த 15-ஐத்தான் பிடித்துக்கொண்டேன். ஓ'சல்லிவனும் ஹெண்ட்ரியும் ஆளுக்கு 7 பட்டம்தானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த 15 பட்டங்கள் எப்படி வந்தன, எத்தனை பேரை வென்று வந்தன என்று தேடிப் படித்த பிறகுதான் இந்த விவாதத்தின் சுவையே எனக்குப் புரிந்தது. அந்த வழியில் நீங்களும் வர உதவும் என்று நான் நம்பும் படிகளை இங்கே சொல்கிறேன்.

முதல் படி: எந்தக் கேள்வி என்று முடிவு செய்யுங்கள்

"யார் பெரியவர்" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தன் உச்சத்தில் இருந்தபோது யாரை வெல்வது மிகக் கடினமாக இருந்தது? மொத்த ஆட்ட வாழ்க்கையில் யார் அதிகம் சாதித்தார்? ஆட்டம் ஆடப்படும் விதத்தையே யார் மாற்றினார்?

மூன்றுக்கும் பதில் ஒரே ஆள் இல்லை. முதல் கேள்விக்கு என் பதில் ஹெண்ட்ரி. 1992 முதல் 1996 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உலக சாம்பியன். உலக சாம்பியன்ஷிப் நடக்கும் குரூசிபிள் அரங்கில் அடுத்தடுத்து 29 ஆட்டங்கள் வென்ற பிறகு, 1997 இறுதியில் கென் டோஹர்டிதான் அவரை நிறுத்தினார். இரண்டாவது கேள்விக்கு ஓ'சல்லிவன்: 1993-ல் 17 வயதில் யு.கே. சாம்பியன்ஷிப்பை வென்றவர், 30 ஆண்டுகள் கழித்து 2023-ல் அதே பட்டத்தை எட்டாவது முறையாக வென்றார். மூன்றாவது கேள்விக்கு ஜோ டேவிஸைத் தவிர வேறு யாரையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

பெரும்பாலான சண்டைகளில் இரண்டு பேரும் சொல்வது சரியாகவே இருக்கும். ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே வாயைத் திறக்கும் முன் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: காலவரிசையை மனதில் பதியுங்கள்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மூன்று டேவிஸ்கள் உண்டு. ஜோவும் ஃப்ரெட்டும் அண்ணன் தம்பி. ஸ்டீவ் அவர்களுக்கு உறவில்லை. ஹிக்கின்ஸ் என்ற பெயரில் இரண்டு உலக சாம்பியன்கள். வட அயர்லாந்தின் அலெக்ஸ், ஸ்காட்லாந்தின் ஜான், இவர்களுக்குள்ளும் உறவில்லை. புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

உலக சாம்பியன்ஷிப்பின் முதல் இறுதியாட்டம் 1927-ல் பர்மிங்ஹாமில் நடந்தது. அன்று மதிப்பு பில்லியர்ட்ஸுக்கு. ஸ்னூக்கர் இடைவேளையில் ஆடும் ஆட்டம் போலத்தான் பார்க்கப்பட்டது. ஜோ டேவிஸும் பில்லியர்ட்ஸில் உலக சாம்பியனாக இருந்தவர்தான். ஸ்னூக்கரில் கூட்டம் சேரும் என்று நம்பி, அதற்கு ஒரு சாம்பியன்ஷிப் வேண்டும் என்று முன்நின்று வற்புறுத்தியவர் அவர். அதை வென்றவரும் அவரே. போர் காரணமாக 1941 முதல் 1945 வரை போட்டி இல்லை. 1946-ல் 15-வது பட்டத்தை எடுத்துக்கொண்டு அந்தப் போட்டியிலிருந்து விலகினார்.

அடுத்த பத்தாண்டு ஃப்ரெட் டேவிஸ், வால்டர் டொனால்ட்சன், ஜான் புல்மன் ஆகியோருடையது. பிறகு ஆட்டமே படுத்துவிட்டது. 1958 முதல் 1963 வரை ஆறு ஆண்டுகள் உலகப் போட்டி நடக்கவே இல்லை. 1964 முதல் 1968 வரை, பட்டத்தைக் கையில் வைத்திருந்த புல்மனை ஒருவர் பின் ஒருவராகச் சவால் விட்டு மோதினார்கள்.

1969-ல் நாக்-அவுட் முறை திரும்பியது. அதே ஆண்டு பிபிசி, வண்ணத் தொலைக்காட்சிக்குப் பொருத்தமான ஆட்டம் என்று 'பாட் பிளாக்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. எழுபதுகளில் ரே ரியர்டன் ஆறு முறை, ஜான் ஸ்பென்சர் 1969-ஐயும் சேர்த்து மூன்று முறை. அலெக்ஸ் ஹிக்கின்ஸ் 1972-லும் 1982-லும். 1977-ல் போட்டி ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்குக்கு வந்தது. எண்பதுகள் ஸ்டீவ் டேவிஸ், ஆறு பட்டம். தொண்ணூறுகள் ஹெண்ட்ரி, ஏழு. 1992-ல் ஒரே ஆண்டில் ஓ'சல்லிவன், ஜான் ஹிக்கின்ஸ், மார்க் வில்லியம்ஸ் மூவரும் தொழில்முறை ஆட்டக்காரர்களானார்கள். அந்த மூவர் சேர்ந்து இதுவரை 14 உலகப் பட்டங்கள் வென்றிருக்கிறார்கள். அப்புறம் மார்க் செல்பிக்கு நான்கு.

இவ்வளவு தெரிந்தால் போதும். எந்த உரையாடலிலும் தொலைந்துபோகமாட்டீர்கள்.

மூன்றாம் படி: ஓர் எண்ணைக் கேட்டால் அதைத் திறந்து பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஜோ டேவிஸின் 15-ஐ எடுத்துக்கொள்வோம். 1931 சாம்பியன்ஷிப்பில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் இரண்டே பேர்: ஜோவும் டாம் டென்னிஸும். ஆட்டம் நடந்தது நாட்டிங்ஹாமில், டென்னிஸின் சொந்த மதுக்கூடத்தின் பின்னறையில். அடுத்த ஆண்டு மூன்று பேர். ஆக, சில பட்டங்கள் ஒரே ஆட்டத்தில் கிடைத்தவை. இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பாருங்கள். 1946 இறுதியாட்டம் 145 ஃப்ரேம்கள் கொண்டது (ஃப்ரேம் என்பது ஆட்டத்தின் ஒரு சுற்று; அதிக ஃப்ரேம் எடுப்பவரே வெல்வார்). இரண்டு வாரம் நடந்தது. ஜோ 78, ஹொரஸ் லிண்ட்ரம் 67. முடிவு தெரிந்த பிறகும் மிச்ச ஃப்ரேம்களை ஆடி முடிக்கும் வழக்கம் அன்று இருந்ததால்தான் ஸ்கோர் அப்படித் தெரிகிறது. இன்றைய இறுதி 35 ஃப்ரேம்கள், இரண்டு நாள். இரண்டு வாரம் ஒருவரையே எதிர்த்து நிற்பதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் மிகக் குறைவு. எதிரிகள் குறைவு, ஆனால் ஒவ்வொரு எதிரியையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெல்ல வேண்டியிருந்தது. 15 என்ற எண்ணுக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன.

செஞ்சுரிகளும் இப்படித்தான். ஒரே வருகையில், இடையில் தவறவிடாமல், 100 புள்ளியோ அதற்கு மேலோ எடுப்பதைச் செஞ்சுரி பிரேக் என்பார்கள். ஜோ டேவிஸுக்கு 687 செஞ்சுரிகள் என்று சொல்வார்கள். அதில் காட்சி ஆட்டங்களும் அடக்கம். ஹெண்ட்ரியின் 775 போட்டிகளில் மட்டும் எடுத்தவை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட சமம் போலத் தோன்றும். எண்ணிய விதமே வேறு.

தரவரிசைப் பட்டங்களில், அதாவது தரவரிசைப் புள்ளி தரும் போட்டிகளில் வென்ற பட்டங்களில்தான், பலர் ஏமாறுகிறார்கள். ஓ'சல்லிவன் 41, ஹெண்ட்ரி 36, ஸ்டீவ் டேவிஸ் 28, ரியர்டன் 5. இதைப் பார்த்து ரியர்டனைக் கீழே தள்ளுவது பெரிய அநியாயம். தரவரிசையே 1976-ல்தான் வந்தது. அதன்பின்னும் 1982 வரை தரவரிசைப் புள்ளி தந்த போட்டி உலக சாம்பியன்ஷிப் ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு இருந்த காலத்தில் ஆடியவரை, ஒரே பருவத்தில் பல வாய்ப்புகள் கிடைத்தவரோடு அந்த எண்ணை வைத்து ஒப்பிடக் கூடாது.

ஃப்ரெட் டேவிஸுக்கு எத்தனை உலகப் பட்டங்கள் என்பதற்கே இரண்டு பதில் உண்டு. 1948, 1949, 1951 மூன்றும் எல்லோரும் ஒத்துக்கொள்வது. 1952-ல் ஆட்டக்காரர்களுக்கும் ஆட்டத்தை நிர்வகித்த அமைப்புக்கும் மோதல் வந்தது. ஆட்டக்காரர்கள் தனியாக உலகப் போட்டி நடத்தினார்கள். அதில் ஃப்ரெட் 1952 முதல் 1956 வரை ஐந்து முறை வென்றார். அதைச் சேர்த்தால் 8. அதிகாரபூர்வப் போட்டியிலோ 1952-ல் லிண்ட்ரமும் கிளார்க் மெக்கனாக்கியும் மட்டுமே மோத, லிண்ட்ரம் சாம்பியன் ஆனார். சிறந்தவர்கள் எல்லாம் இருந்தது ஃப்ரெட் ஆடிய பக்கத்தில்தான். அதனால் நான் 8 என்றே சொல்வேன். யாராவது 3 என்றால் அது ஏன் என்றும் எனக்குத் தெரியும்.

நான்காம் படி: மேசையை நினைவில் வையுங்கள்

பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்தால் பந்துகள் சீக்கிரம் நின்றுவிடுவது கண்ணில் படும். அன்றைய துணி தடிப்பு, மேலே மயிர்ப்பரப்பு அதிகம். வெள்ளைப் பந்தைத் தூரத்திலிருந்து பின்னோக்கி இழுக்கக் கையில் நல்ல பலமும் சுத்தமான அடியும் வேண்டும். இன்று துணி மெல்லியது. மேசைக்கு அடியில் சூடேற்றுகிறார்கள். பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், சிவப்புப் பந்துகளின் குவியல் ஒரு தட்டில் சிதறும். 147 என்ற உச்சபட்ச பிரேக் தொலைக்காட்சியில் முதன்முதலில் வந்தது 1982-ல், ஸ்டீவ் டேவிஸின் கையால். அந்தப் பத்தாண்டு முழுவதும் போட்டிகளில் வந்த 147-களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது மொத்தம் 200-ஐத் தாண்டிவிட்டது. எல்லாம் திறமையின் வளர்ச்சி என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் இன்றைய ஆட்டக்காரருக்கு வேறொரு கஷ்டம் இருக்கிறது. ஒரு தவறு செய்தால் எதிரி அதே வருகையில் ஃப்ரேமை முடித்துவிடுவார். எழுபதுகளில் இன்னொரு வாய்ப்பு வர நல்ல சாத்தியம் இருந்தது.

ஐந்தாம் படி: பாலங்களைத் தேடுங்கள்

இரண்டு தலைமுறைகளை நேரடியாக மோதவிட முடியாது என்று பலர் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. ஸ்னூக்கரில் ஆட்ட வாழ்க்கை நீளம். அதனால் ஒரே ஆள் இரண்டு மூன்று காலங்களைத் தொட்டுவிடுகிறார். அவர்களை நான் பாலங்கள் என்று அழைக்கிறேன். இந்த விவாதத்தில் நான் அதிகம் நம்புவது அவர்களைத்தான்.

மிக நீளமான பாலம் ஃப்ரெட் டேவிஸ். 1940 இறுதியில் அண்ணன் ஜோவிடம் 36-37 என்று ஒரே ஃப்ரேமில் தோற்றவர். அவரே 1978-ல், 64 வயதில், குரூசிபிளில் அரையிறுதி வரை வந்தார். பெர்ரி மான்ஸிடம் 16-18 என்றுதான் தோற்றார். இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஜோவுக்குச் சமமாக நின்றவர், 38 ஆண்டுகள் கழித்து, தொலைக்காட்சிக் காலத்து ஆட்டக்காரர்களோடு அரையிறுதியில் நிற்கிறார். ஜோவின் காலத்து ஆட்டம் தரம் குறைந்தது என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். தொடக்கத்திலேயே புள்ளிகளைச் சலுகையாக வாங்கிக்கொள்ளாமல், சமமாக ஆடி ஜோவை வென்ற ஒரே ஆட்டக்காரரும் ஃப்ரெட்தான்.

அடுத்த பாலம் இரண்டு அரையிறுதிகள். 1989-ல் ஸ்டீவ் டேவிஸ் இளம் ஹெண்ட்ரியை 16-9 என்று வென்றார். 1994-ல் ஹெண்ட்ரி அதே 16-9 கணக்கில் டேவிஸை வென்றார். இதை வைத்து ஹெண்ட்ரி பெரியவர் என்றோ டேவிஸ் பெரியவர் என்றோ சொல்ல முடியாது. 1989-ல் ஹெண்ட்ரிக்கு 20 வயது. 1994-ல் டேவிஸுக்கு 36. பாலத்தில் நடக்கும்போது வயதைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஹெண்ட்ரிக்கும் ஓ'சல்லிவனுக்கும் இதுவே பொருந்தும். 2002 அரையிறுதியில் ஹெண்ட்ரி 17-13. 2004-ல் ஓ'சல்லிவன் 17-4, 2008-ல் 17-6. இந்தப் பின்னிரண்டை மட்டும் வீசுகிறவரிடம், ஹெண்ட்ரியின் உச்சம் அதற்குள் முடிந்துவிட்டதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பாலம் 2010-ல் வந்தது. 52 வயது ஸ்டீவ் டேவிஸ், நடப்புச் சாம்பியன் ஜான் ஹிக்கின்ஸை 13-11 என்று வீழ்த்தினார். உச்சம் போய் இருபது ஆண்டு ஆன பிறகும் அந்தச் சேஃப்டி ஆட்டம், அதாவது எதிரிக்கு எதுவும் மிச்சம் வைக்காமல் பந்தை நிறுத்தும் கலை, செல்லுபடியானது. மேசைக்கு வெளியேயும் ஒரு பாலம் உண்டு: 2004-ல் ஓ'சல்லிவன் உலகப் பட்டம் வென்றபோது அவருக்குச் சேஃப்டியைக் கற்றுக்கொடுத்துப் பக்கபலமாக இருந்தவர் எழுபதுகளின் ரியர்டன்.

ஆறாம் படி: யாரை வென்றார் என்று பாருங்கள்

சாம்பியனுக்கு எதிரே நின்றவர்களின் பட்டியலைப் போடுங்கள். ஹெண்ட்ரிக்கு எதிரே ஜிம்மி வைட் இருந்தார். ஆறு உலக இறுதிகளில் ஆடி ஆறிலும் தோற்றவர், அதில் நான்கு ஹெண்ட்ரியிடம். 1992-ல் வைட் 14-8 என்று முன்னால் இருந்தார். ஹெண்ட்ரி அடுத்த பத்து ஃப்ரேம்களையும் எடுத்து 18-14 என்று முடித்தார். பட்டம் ஒன்றுகூட இல்லாத வைட்டை உலக சாம்பியன்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவதைக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். வேறு காலத்தில் பிறந்திருந்தால் அவர் இரண்டு மூன்று முறையாவது வென்றிருப்பார் என்று நானும் நினைக்கிறேன்.

ஓ'சல்லிவன் தன் வயதுக்காரர்களான ஜான் ஹிக்கின்ஸ், வில்லியம்ஸ் இருவரோடும் முப்பது ஆண்டுகள் மோத வேண்டியிருந்தது. யாரும் இவ்வளவு காலம் இவ்வளவு வலுவான எதிரிகளைச் சுமந்ததில்லை. 7 பட்டங்கள் என்ற எண் இதைக் காட்டாது.

ஏழாம் படி: ஆட்டங்களைப் பாருங்கள்

எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு காட்சிகளைப் பார்த்தால் தலைமுறைகளின் குணம் புரியும்.

1982 அரையிறுதி, அலெக்ஸ் ஹிக்கின்ஸும் வைட்டும். வைட் 15-14 முன்னிலை, அந்த ஃப்ரேமில் 59 புள்ளி எடுத்துவிட்டார். இன்னும் ஒரு பந்து தப்பினால் ஹிக்கின்ஸ் வெளியே. வெள்ளைப் பந்து ஒருமுறைகூடச் சரியான இடத்தில் நிற்காமலே 69 எடுத்து மேசையைச் சுத்தம் செய்தார். பட்ட எண்ணிக்கையில் ஹிக்கின்ஸ் கீழேதான். ஆனாலும் மக்கள் ஏன் அவரை மறப்பதில்லை என்பதற்கு இந்தச் சில நிமிடங்களே சாட்சி.

1994 இறுதியின் கடைசி ஃப்ரேம், 17-17. அன்று வைட்டுக்கு 32-வது பிறந்தநாள். எளிதான ஒரு கறுப்புப் பந்தைத் தவறவிடுகிறார். ஹெண்ட்ரி எழுந்து வருகிறார். அந்தப் போட்டியின் நடுவிலேயே அவருக்கு முழங்கையருகே எலும்பு முறிந்திருந்தது.

1997, ஓ'சல்லிவனின் 147. ஐந்து நிமிடம் எட்டு நொடி. பாக்கெட்டில் விழும் பந்தைப் பார்க்காதீர்கள், வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்தக் காலத்து ஆட்டக்காரரின் தரத்தையும் நீங்களே எடைபோடலாம்.

நான்காவது 1985 இறுதி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எட்டாம் படி: உங்கள் பட்டியலைச் சொல்லுங்கள்

அளவுகோலை முதலில் சொல்லி, பெயரைப் பின்னால் சொல்லுங்கள். "மொத்தச் சாதனையைப் பார்த்தால் ஓ'சல்லிவன்" என்றால் யாரும் கோபப்படமாட்டார்கள்; எதிர்த்துப் பேச அவர்களுக்கும் இடம் கிடைக்கும். "ஜோ டேவிஸ் இன்று ஆடினால் தகுதிச் சுற்றுகூடத் தாண்டமாட்டார்" போன்ற வாக்கியங்களை விட்டுவிடுங்கள். இன்றைய துணி, இன்றைய பயிற்சி, பார்த்துக் கற்க எழுபது ஆண்டு ஆட்டங்கள், எல்லாம் அவருக்கும் கிடைத்திருக்கும் அல்லவா?

என் பட்டியல் இப்போதைக்கு இப்படி: ஓ'சல்லிவன், ஹெண்ட்ரி, ஸ்டீவ் டேவிஸ், ரியர்டன், ஜான் ஹிக்கின்ஸ். ஜோ டேவிஸை இதற்குள் வைக்கவில்லை. மற்றவர்கள் ஆடிய ஆட்டத்தை உருவாக்கியவரை அவர்களோடு வரிசைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இது தப்பிக்கும் வழி என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும்.

ஸ்டீவ் டேவிஸ் முன்பு என் பட்டியலில் ஐந்தாவது. மூன்றாவதாக வந்தது 1985 இறுதியின் கடைசி ஃப்ரேமை முழுதாக உட்கார்ந்து பார்த்த பிறகு. 68 நிமிடங்கள். டெனிஸ் டெய்லருக்கு எதிராக 8-0 என்று தொடங்கிய ஆட்டம் 17-17 ஆகிவிட்டது, நள்ளிரவு தாண்டிவிட்டது, பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டேவிஸ் 62-44 முன்னால். மேசையில் நான்கு பந்துகள். டெய்லருக்கு நான்கும் வேண்டும். மூன்றைப் போட்டுவிட்டார். கறுப்பு மட்டும் மிச்சம். இருவரும் மாறி மாறித் தவறவிடுகிறார்கள். டேவிஸுக்கு மெல்லியதாக ஒரு வெட்டு அடி கிடைக்கிறது; தவறுகிறது. டெய்லர் போட்டுவிடுகிறார், 66-62.

அடுத்த ஆண்டும் டேவிஸ் இறுதிக்கு வந்தார். ஜோ ஜான்சனிடம் 12-18 தோல்வி. அதற்கடுத்த ஆண்டும் வந்தார், வென்றார். 1988-லும் வென்றார். 1989-ல் ஜான் பாரட்டை 18-3 என்று வென்றார். குரூசிபிள் இறுதிகளில் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் இன்றுவரை வேறு யாரும் வென்றதில்லை.